அப்பாவின் கை நடுங்கியது குடியால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பார்க்கின்சன் நோய் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. ஆனால் அதோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஒரு பெரியவர் காபி டம்ளரைத் தூக்குகிறார், கை நடுங்கிக் காபி சட்டையில் சிந்துகிறது. அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கும் டம்ளரைத் தூக்குனா இப்படித்தான் சார் நடுங்குது. அப்ப எனக்கும் இதுதானா? கடைசியில படுக்கையில போட்டுடுமா?" என்று கேட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். முதலில் என்னிடம் வந்ததற்குக் காரணம், என் கையும் நடுங்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

பார்க்கின்சன் இல்லாத இன்னொரு வகைக் கை நடுக்கமும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். அதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 67 வயது. மன்னார்குடியில் 1983 முதல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரையம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, ஒத்தி என்று எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எல்லாமே கையெழுத்துதான். முத்திரைத்தாளில் ஒரு அடித்தல் திருத்தல் வந்தால் அதற்கும் கடைசியில் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கெல்லையில் கிழக்கு மேற்கு மாறிப்போனால் இரண்டு குடும்பம் தலைமுறைக்கும் கோர்ட்டுக்கு அலையும். அதனால் எங்கள் தொழிலில் கை என்பது சாதாரண விஷயம் இல்லை. "அவரு எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று தேடி வருவார்கள். அந்தக் கைதான் 2011 வாக்கில் மெல்ல ஆட ஆரம்பித்தது. அப்போது எனக்கு 53 வயது.

எனக்கு அது புதிது இல்லை. என் அப்பாவுக்கும் இருந்தது.

அப்பா கிராமக் கர்ணம். எங்கள் பக்கத்தில் கணக்குப்பிள்ளை என்பார்கள். அடங்கலும் சிட்டாவும் அவர் கையால் எழுதியவை. எந்த வயல் எத்தனை மா, எத்தனை குழி, எந்த வாய்க்காலில் பாசனம் என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். அவர் கை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடுங்கியது. திண்ணையில் மடிமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு அசைவும் இருக்காது. பேனாவை எடுத்தால், டம்ளரைத் தூக்கினால், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினால் ஆடத் தொடங்கும். அம்மா அவருக்கு எப்போதும் அரை டம்ளர் காபிதான் ஊற்றிக் கொடுப்பாள், குடித்த பிறகு மீதி அரை டம்ளர். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார மாட்டார். ரசம் கையில் எடுத்துக் குடிக்கும்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்று கூச்சம்.

1970-ல் ஜமாபந்திக்கு, அதாவது வருடா வருடம் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கைக்கு, அப்பாவோடு கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குப் 12 வயது. வரிசையில் அப்பாவின் முறை வந்தது. நோட்டை மேஜையில் விரித்து ஒரு வரியை விரலால் காட்டினார். விரல் ஆடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நோட்டைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். "என்ன கணக்குப்பிள்ளை, காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் பாமணி ஆற்றங்கரையில் கட்டை இறக்கி வைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் அதுவரை ஒரு சொட்டுக் கூடக் குடித்ததில்லை.

ஒரே ஒரு தடவை குடித்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடை திறந்தார்கள். மறு வருடம் என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். சபையில் தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டும். தட்டில் இருக்கும் தேங்காய் உருண்டு விழுந்துவிடுமோ என்று அப்பாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. என் தாய்மாமன் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய், "மருந்துன்னு நினைச்சுக் குடிங்க மாமா" என்று ஒரு சொம்பு கள்ளைக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் கை நின்றுவிட்டது. தட்டு அசையவே இல்லை. எல்லோருக்கும் ஆச்சரியம். அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் அழுதார். "ஊர் சொன்னது நிஜமாப் போயிடுச்சே" என்று அவர் சொன்னது, பாயில் தூங்குவது போல் படுத்திருந்த எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில் நடுக்கம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்தச் சொம்புக் கள்ளிலேயே நோயின் அடையாளம் இருந்தது. இந்த வகை நடுக்கம் உள்ளவர்களில் பலருக்குக் கொஞ்சம் மது உள்ளே போனால் கை சற்று நேரம் அடங்கும். அப்புறம் முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பும். அதை மருந்தாக நினைத்துப் பழகினால் குடும்பம் போய்விடும். டாக்டர்கள் நோயாளியிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உண்டு. அப்பாவிடம் அப்படிக் கேட்க யாரும் இருக்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2011-ல் முதலில் தெரிந்தது 'ழ'வில். சுழிக்கும்போது இழுத்துக்கொண்டு போகும். பிறகு எல்லா எழுத்தும் பெரிதாகி, ரம்பப் பல் மாதிரி ஆனது. நல்ல வேளை, அதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஒரு பையன் அடிப்பான். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் நான்தானே போட வேண்டும்? ஆவணத்தைத் தயாரித்தவர் என்று கீழே என் கையெழுத்து வேண்டும். சார்பதிவாளர் முன்னால் பேனாவை எடுத்தாலே நெஞ்சு படபடக்கும். படபடத்தால் நடுக்கம் கூடும். நடுக்கம் கூடினால் இன்னும் படபடக்கும்.

2013-ல் ஒரு வங்கியில் என் காசோலை, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பியது. நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, பேசாம கைநாட்டு வச்சிடுங்களேன், ஈசி" என்று மைப்பெட்டியைத் தள்ளினார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஆனால் எழுத்தையே நம்பி முப்பது வருடம் சோறு தின்றவனிடம் கைநாட்டு வை என்றால் எப்படி இருக்கும்? வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வைத்தியம் பார்க்கப் போனேன். முதலில் போன இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். லெவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் சாப்பிட்டேன். குமட்டலும் தலைசுற்றலும்தான் மிச்சம். நடுக்கம் இம்மியும் குறையவில்லை. அந்த எட்டு மாதமும் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. மகன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். என் பெயரில் இருந்த இரண்டு மா நிலத்தை மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வைத்தேன். அந்தப் பத்திரத்தில் என் கையெழுத்தை இப்போது பார்த்தாலும் மனசு பிசையும்.

2015-ல் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் மைத்துனர் அழைத்துப் போனார். அந்த அம்மா முதலில் நான் நாற்காலிக்கு நடந்து வருவதைக் கவனித்தார். மடியில் கையை வைத்துக்கொண்டு நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார். கை அசையவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். ஆடியது. அவர் விரலையும் என் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றச் சொன்னார், மேஜை நனைந்தது. அப்புறம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, "முறுக்குச் சுத்துற மாதிரி நடுவிலேர்ந்து வெளியே சுழிச்சிட்டு வாங்க" என்றார். என் முறுக்கு முள்முறுக்கு ஆகிவிட்டது. ஒரு வரி எழுதச் சொன்னார். எனக்கு வாயில் வந்தது பத்திரத்தில் சொத்து விவரம் சொல்லும் தபசில் வாசகம்தான், அதையே எழுதினேன்.

தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துதா?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஜமாபந்தி, கள்ளு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "உங்களுக்குப் பார்க்கின்சன் இல்லை. உங்க அப்பாவுக்கு இருந்ததும் உங்களுக்கு இருக்கறதும் ஒண்ணுதான். எசென்ஷியல் ட்ரெமர்னு பேரு" என்றார்.

பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். வேலை செய்யக் கையைத் தூக்கினால் குறையும். உடம்பு விறைக்கும், நடை தளரும், எழுத்து எறும்பு ஊர்வது போலச் சின்னதாகிக்கொண்டே போகும். எங்களுக்கு நேர்மாறு. சும்மா இருந்தால் கை அமைதி, வேலை செய்தால் ஆட்டம், எழுத்து பெரிதாகிக் கோணும். சிலருக்குத் தலை ஆடும், சிலருக்குக் குரலும் நடுங்கும். பார்க்கின்சனைவிட இதுதான் ஊரில் அதிகம். 65 வயது தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குடும்ப வழியில் வருகிறது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள குடும்பங்களும் உண்டு. உயிரை எடுக்கிற வியாதி இல்லை. ஆனால் சோறு, எழுத்து, மரியாதை என்று ஒவ்வொன்றாக எடுக்கும்.

அந்த டாக்டர் உடனே மாத்திரை எழுதிவிடவில்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார், அது கூடினாலும் கை நடுங்குமாம். ஈசிஜி எடுத்தார். பிரஷர் பார்த்தார். வீசிங் உண்டா, சர்க்கரை உண்டா, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் பார்த்த பிறகு எழுதிக் கொடுத்தது புரோப்ரனோலால். பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தது. 20 மில்லிகிராம், காலையும் மாலையும். இரண்டு வாரம் கழித்து 40 ஆக்கினார். சிலருக்கு இதைவிடப் பல மடங்கு தேவைப்படும், சிலருக்கு இதுவே அதிகம். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் என் கணக்கை யாரும் தங்கள் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் உடம்பில் அட்ரினலின் என்று ஒரு சுரப்பு இருக்கிறது. பயம், பதற்றம் வந்தால் ஓடி வரும். அது வந்து சேரும் வாய்மடைகளுக்குப் பீட்டா ஏற்பிகள் என்று பெயர். இதயத்தில் இருக்கின்றன, கைத் தசையில் இருக்கின்றன, நுரையீரலின் மூச்சுக் குழாயிலும் இருக்கின்றன. புரோப்ரனோலால் அந்த மடைகளில் பலகையை இறக்கி வைக்கிறது. இதயம் நிதானமாக அடிக்கிறது, கைத் தசையில் ஆட்டம் குறைகிறது. நடுக்கத்தின் ஊற்று மூளையில், சிறுமூளையைச் சேர்ந்த நரம்புச் சுற்றில் இருக்கிறது. அந்த ஊற்றை இந்த மாத்திரை அடைப்பதில்லை. அதனால் இது நோயைத் தீர்க்காது. சாப்பிடும் வரைக்கும்தான் பலன்.

எனக்கு மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. ஒரு நாள் காலை மனைவி வழக்கம் போல அரை டம்ளர் காபி கொண்டுவந்தாள். "முழுசா ஊத்து" என்றேன். தூக்கினேன். விளிம்பு வரை அலை அடித்தது, ஆனால் சிந்தவில்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். நடுக்கம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி குறைந்தது. அந்தப் பாதியில் நான் மறுபடி கையெழுத்துப் போட்டேன், பந்தியில் உட்கார்ந்தேன். வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்து எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். பதிவு இருக்கும் நாளில் மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போவேன், அந்த நேரத்தில் கை நன்றாக நிற்கும். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் காலையில் கையாலேயே எழுதுகிறேன்.

இந்த மாத்திரை கையை எந்த அளவுக்கு நிறுத்தும் என்பதற்கு ஒரு செய்தி ஞாபகம் வருகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுவதில் இரண்டு பதக்கம் வாங்கிய வட கொரிய வீரர் கிம் ஜோங்-சுவின் உடம்பில் இதே புரோப்ரனோலால் இருந்தது தெரிந்து, இரண்டையும் பறித்துவிட்டார்கள். குறி பார்க்கும் விளையாட்டுகளில் இந்த வகை மாத்திரைக்குத் தடை.

இது புது மருந்தும் இல்லை. அந்த டாக்டர்தான் சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960களில் நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடித்தது. அதற்கும் வேறு பணிகளுக்குமாக 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். இதயத் துடிப்புக்காக இதைச் சாப்பிட்ட ஒருவருக்குக் கை நடுக்கமும் குறைவதை அமெரிக்காவில் வின்க்ளர், யங் என்ற இரண்டு டாக்டர்கள் கவனித்து 1971-ல் எழுதினார்கள். இன்றுவரை அமெரிக்க அரசின் மருந்துத் துறை இந்த நடுக்கத்துக்கென்று ஒப்புதல் கொடுத்திருக்கும் ஒரே மருந்து இதுதான். விலையும் மாத்திரைக்குச் சில ரூபாய்தான்.

1971. எங்கள் ஊரில் கள்ளுக்கடை திறந்த அதே வருடம். அப்பா 1991 வரை இருந்தார். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியை ஒழித்த பிறகு அவர் பேனாவையே தொடவில்லை. கடைசிக் காலத்தில் அம்மாதான் சோறு ஊட்டினாள். அவர் செத்த வீட்டில்கூட ஒருவர், "நல்ல மனுஷன், குடிதான் கெடுத்துது" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். இருபது வருடம் அந்த மாத்திரை உலகத்தில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அன்றைக்கு அமெரிக்காவில் எழுதியது மன்னார்குடிக்கு எப்படி வந்து சேரும் என்று நீங்கள் கேட்கலாம். சரி, அன்றைக்கு முடியாது. இன்றைக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

இப்போது இதைப் படித்துவிட்டு யாரும் நேரே மெடிக்கலுக்குப் போய்ப் பெயர் சொல்லி வாங்கிவிடக் கூடாது. இதை நான் கும்பிட்டுக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது.

கோட்டூரில் இருக்கும் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. வீசிங் உள்ளவர், இன்ஹேலர் வைத்திருக்கிறார். அவருக்கும் கை நடுங்கும். ஒரு தை மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, "தம்பிக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா" என்று அலமாரியில் இருந்த என் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலரை அடித்தார், அடித்தார், பலனே இல்லை. முகம் நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்துக் கொண்டுபோய், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். இன்ஹேலர் மருந்து மூச்சுக் குழாயைத் திறப்பது அதே பீட்டா மடை வழியாகத்தான். மாத்திரை அங்கே பலகையை இறக்கிவிட்டது. அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்? இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அண்ணனின் கை நடுங்கியதற்குக் காரணமே அந்த இன்ஹேலர் மருந்துதான். அவருக்கு இருந்தது எங்கள் வகை நடுக்கமே இல்லை. அன்றிலிருந்து என் மாத்திரை பீரோவுக்குள் பூட்டித்தான் இருக்கிறது.

திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்தது. கரண்ட் இல்லை, ரோட்டில் மரம், மெடிக்கல் எதுவும் திறக்கவில்லை. எனக்கு மாத்திரை தீர்ந்துபோனது. இரண்டாம் நாள் நெஞ்சு திமுதிமு என்று அடித்தது, கை முன்னெப்போதும் இல்லாத ஆட்டம் ஆடியது. மகன் தஞ்சாவூரிலிருந்து மோட்டார் பைக்கில் சுற்றி வளைத்து வந்து மாத்திரை கொடுத்தான். எனக்கு இதய நோய் இல்லாததால் அதோடு போயிற்று. இதய நோய் உள்ளவர்கள் சட்டென்று நிறுத்தினால் மாரடைப்பே வரக்கூடும், நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி வாரக் கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று பிறகு டாக்டர் கடிந்துகொண்டார். இப்போது ஐப்பசி பிறந்தால் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறேன். கடலோர மாவட்டத்து நோயாளிகள் எல்லோருமே இதைச் செய்யலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை படபடப்பும் கை நடுக்கமும்தான். இந்த மாத்திரை அந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடுபவர்கள், இதயத்துக்குள் ஓடும் மின் துடிப்பு தடைப்படும் 'ஹார்ட் பிளாக்' உள்ளவர்கள் இதை எடுக்கவே கூடாது. எனக்கு முதல் மாதம் அசதியும், விடிய விடியக் கனவும் இருந்தன. மார்கழியில் விரல் ஜில்லிட்டுப் போகும். தினமும் காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நாடி எண்ணுகிறேன், 56, 58 என்று ஓடுகிறது. 50-க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ வரச் சொல்லியிருக்கிறார்கள். காபியை மூன்று வேளையிலிருந்து ஒரு வேளை ஆக்கிவிட்டேன்.

எல்லோருக்கும் இந்த மாத்திரை கேட்கும் என்றும் இல்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் நல்ல பலன். தலை ஆட்டத்துக்கும் குரல் நடுக்கத்துக்கும் அவ்வளவாகக் கேட்காது. வீசிங் உள்ளவர்களுக்கும் இது கேட்காதவர்களுக்கும் பிரிமிடோன் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. அதுவும் ஆகவில்லை, ஸ்பூன்கூடப் பிடிக்க முடியவில்லை என்கிறவர்களுக்கு மூளையில் மின்கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சை வரை வந்துவிட்டது.

இப்போது என் கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் தெருவுக்கும் அந்தப் பெண் வருகிறார், பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். மிகவும் பிரயோஜனமான வேலை. அவர் கையில் இருக்கும் படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி சேர்க்கலாம்: "டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறதா?" ஆம் என்றால் ஒரு தாளில் முறுக்குச் சுழி போடச் சொல்லட்டும், அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். அங்கே இருக்கும் டாக்டர் பார்த்துவிட்டுத் தேவை என்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதிக் கொடுக்கட்டும். பேனாவும் தாளும் தவிர இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வங்கிக்காரர்களுக்கும் ஒன்று. கை நடுங்கும் முதியவர் வந்தால் மைப்பெட்டியை எடுப்பதற்கு முன்னால், புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். கையெழுத்தே போட முடியாதவர்களுக்குத்தான் சாட்சியோடு கைரேகை. போட முடிகிறவரைப் போட விடுங்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த நடுக்கத்தைப் பற்றி ஒரு நரம்பியல் டாக்டரிடம் கேட்டுத் தனியாக ஒரு கட்டுரை போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போடும்போது படத்தில் இருப்பவருக்கு இது பார்க்கின்சன் அல்ல என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

கண்டக்டரை வருகிற வியாழக்கிழமை தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன். வீசிங் இல்லை, சர்க்கரை உண்டு, ராத்திரி ஒரு மாத்திரை, அம்மாவுக்குத் தலை ஆடும் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் மனைவிக்கும் நேற்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
மன்னார்குடி.